ஏடிஆர் இண்டர்வியூ முடிந்து 26 நாள், பதிலே இல்லை. அப்படியென்றால் "இல்லை" என்றுதான் அர்த்தமா?

கமலாபுரம்_காத்து | திங்கள், இரவு 11:20

எல்லோருக்கும் வணக்கம். ஏடிஆர் 72 (இரண்டு புரொப்பெல்லர் உள்ள பயணிகள் விமானம்) ஓட்டும் ஒரு பிராந்திய விமான நிறுவனத்தில் ட்ரெய்னி ஃபர்ஸ்ட் ஆபீசர் (பயிற்சித் துணை விமானி) வேலைக்கு இண்டர்வியூ போய் வந்தேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், தயவுசெய்து ஊகிக்கவும் வேண்டாம். எழுத்துத் தேர்வு, சைக்கோமெட்ரிக், சிமுலேட்டர், கடைசியில் பேனல் என்று எல்லாம் இரண்டே நாளில் முடிந்தது. கிளம்பும்போது எச்.ஆர். மேடம் "பத்து வேலை நாளில் சொல்லிவிடுவோம்" என்றார். இன்றோடு 26 நாள்.

என் விவரம்: சிபிஎல் (வணிக விமானி லைசென்ஸ்), பறந்தது 212 மணி நேரம், மல்டி எஞ்ஜின், ஐஆர் (கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதி). அந்த ஐஆர் இன்னும் ஏழு வாரத்தில் காலாவதியாகிறது. அதுதான் பாதிக் கவலை.

மீதிப் பாதியைச் சொல்கிறேன். பேனலில் மூன்று பேர். முதலில் ஏடிஆரில் ஏபியு (தரையில் நிற்கும்போது கரண்ட் தரும் சின்ன எஞ்ஜின்) உண்டா என்று கேட்டார்கள். இல்லை, வலது எஞ்ஜினை ஓடவிட்டு புரொப்பெல்லரை மட்டும் பிரேக் போட்டு நிறுத்தி கரண்டும் ஏசியும் எடுப்பார்கள், அதுதான் ஹோட்டல் மோட் என்று சொன்னேன். தலையாட்டினார்கள். மெட்டார் (விமான நிலைய வானிலை அறிக்கை) ஒன்றைப் படிக்கச் சொன்னார்கள், படித்தேன். அப்புறம் நடுவில் இருந்த கேப்டன், "2015 தைபே விபத்தைச் சொல்" என்றார்.

எனக்கு நன்றாகத் தெரிந்த விபத்து. டிரான்ஸ்ஏசியா 235, பிப்ரவரி 4, கீலுங் ஆற்றில் விழுந்தது, 58 பேரில் 43 பேர் இறந்தார்கள். கிளம்பிய ஒரு நிமிடத்துக்குள் வலது பக்க எஞ்ஜினின் புரொப்பெல்லர் தானாக ஃபெதர் ஆனது, அதாவது அதன் இதழ்கள் காற்றுக்கு நேராகத் திரும்பி, விமானத்தை இழுப்பதை நிறுத்திவிட்டது. கேப்டன் நன்றாக ஓடிக்கொண்டிருந்த இடது எஞ்ஜினின் பவரைக் குறைத்து, கடைசியில் அதையே அணைத்துவிட்டார். இது தலைகீழாகப் பாடம். ஆனால் வாயைத் திறந்தபோது "இடது எஞ்ஜின் போனது, வலதை அணைத்தார்கள்" என்று வந்துவிட்டது!

இடம் வலம் மாறியதால் நடந்த விபத்தைச் சொல்லும்போது இடம் வலத்தை மாற்றிச் சொன்னவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

அடுத்து ஐசிங் (விமானத்தின் மேல் பனி உறைவது) பற்றி இரண்டு கேள்வி வந்தது. பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. "சார், மன்னிக்கவும், முந்தின பதிலில் எஞ்ஜினை மாற்றிச் சொல்லிவிட்டேன்" என்று திருத்தினேன். நடுவில் இருந்தவர் ஒன்றும் சொல்லவில்லை. பேனாவை எடுத்து ஒரு வரி எழுதினார். அந்த ஒரு வரி என்ன என்றுதான் 26 நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

யாராவது இதுபோல் காத்திருந்திருக்கிறீர்களா? எத்தனை நாள் ஆனது?

---

ஓடுதளம்25 | திங்கள், இரவு 11:48

26 நாளா? நேற்றுப் பிறந்த குழந்தை. என் கணக்கு 143 நாள், அதற்கப்புறம் இரண்டு வரி மெயில். அதிலும் என் பெயரில் ஒரு எழுத்து தப்பு.

ஆனால் உன் பெயர் பிரமாதம். காத்து என்பது காற்றா, காத்திருப்பதா?

---

கமலாபுரம்_காத்து | திங்கள், இரவு 11:55

காற்று என்று நினைத்துத்தான் வைத்தேன் அண்ணா. இப்போது இரண்டும்.

---

உப்பளம் | செவ்வாய், காலை 6:10

நான் ஏடிஆரில் ஃபர்ஸ்ட் ஆபீசர், மூன்றாவது வருடம். சொந்த ஊர் தூத்துக்குடி. எனக்குப் பதில் வந்தது 71-வது நாள். என்னோடு அதே நாளில் இண்டர்வியூ கொடுத்த பையனுக்கு ஒன்பதாவது நாளே மெயில் வந்தது. அவன் என்னைவிடக் கெட்டிக்காரன் என்று இரண்டு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். சேர்ந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. முந்தைய பேட்சில் ஒருத்தருக்கு மெடிக்கலில் சிக்கல், ஒரு இடம் காலி. டைப் ரேட்டிங் (ஒரு குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டும் தகுதி) சிமுலேட்டரில் இரண்டு இரண்டு பேராகத்தான் உட்காரவைப்பார்கள். ஜோடி இல்லாமல் ஒருத்தர் மிஞ்சக்கூடாது என்று அவசரமாக அவனை இழுத்துப் போட்டார்கள். அவன் வீடு அந்த ஊரிலேயே இருந்தது, மறுநாளே வர முடியும். அவ்வளவுதான் காரணம்.

ஆகவே நாள் கணக்கை வைத்து எதையும் முடிவு செய்யாதே தம்பி.

---

ஹோட்டல்மோட் | செவ்வாய், பகல் 1:35

ஏடிஆரில் பல வருடம் கேப்டனாக ஓட்டியவன், பேனலிலும் உட்கார்ந்தவன். இப்போது வேறு விமானம். பழைய பாசத்தில்தான் இந்தப் பெயர்.

முதலில் அந்தப் பேனா. தம்பி, நாங்கள் எல்லாவற்றையும் எழுதுவோம். டீ ஆறிவிட்டது என்பதைத் தவிர எல்லாவற்றையும். ஒரு நாளில் பன்னிரண்டு பேரைப் பார்த்தால் சாயங்காலம் யார் எதைச் சொன்னான் என்று நினைவிருக்காது. அவர் எழுதியது என்னவென்று எனக்குத் தெரியாது. நானாக இருந்தால் "தானாகத் திருத்தினான்" என்று எழுதியிருப்பேன், அதற்கு மதிப்பெண்ணும் போட்டிருப்பேன். தைபேயில் தப்பான பக்கத்தை இழுத்துவிட்டோம் என்று அந்தக் கேப்டனுக்குப் புரிந்தது கடைசிச் சில நொடிகளில். உனக்கு இரண்டு கேள்விக்குள் புரிந்தது, வாய்விட்டும் சொன்னாய். பக்கத்து சீட்டில் எனக்கு வேண்டியது அப்படிப்பட்ட ஆள்தான். 200 மணி நேரக்காரனிடம் நாங்கள் அறிவை எதிர்பார்ப்பதில்லை, அதை நாங்களே கொடுத்துவிடுவோம். தப்பு செய்தால் மூடி மறைப்பானா, சொல்வானா என்பதைத்தான் பார்க்கிறோம்.

அடுத்து, ஏன் தாமதம். பேனல் முடிந்த அன்றைக்கே எங்கள் பட்டியல் எச்.ஆருக்குப் போய்விடும். அதற்கப்புறம் நடப்பதற்கும் உனக்கும் சம்பந்தமே இல்லை. லீசில் வரவேண்டிய விமானம் தள்ளிப்போகும். சிமுலேட்டரில் இடம் கிடைக்காது. ஏடிஆர் சிமுலேட்டர் ஏர்பஸ்ஸுக்கு இருப்பதுபோல் ஊருக்கு ஊர் கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலே டிரெய்னிங் கேப்டன் பிரச்சினை. சிமுலேட்டர் முடித்து வரும் புதுப் பிள்ளைகள் லைனில் (பயணிகளோடு போகும் நிஜ விமானத்தில்) பல மாதம் டிரெய்னிங் கேப்டன்களோடு மட்டும்தான் பறக்கவேண்டும். சின்ன நிறுவனத்தில் அப்படி நாலைந்து பேர் இருந்தால் பெரிய விஷயம். அதில் ஒருத்தர் பெரிய ஜெட் கம்பெனிக்கு ராஜினாமா எழுதிவிட்டால் மொத்தத் திட்டமும் ஆட்டம் காணும். டிஜிசிஏ (விமானத் துறையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு) 2017-ல் போட்ட விதிப்படி கேப்டனுக்கு ஒரு வருட நோட்டீஸ், கோ-பைலட்டுக்கு ஆறு மாதம். கேப்டன் எப்போது போவார் என்பது கம்பெனிக்கு முன்பே தெரியும், ஆகவே "எட்டுப் பேர் வேண்டாம், நாலு பேர் போதும், மீதியைப் பூலில் வை" (காத்திருப்போர் பட்டியலில்) என்பார்கள். பூலில் இருப்பவர்களிடம் அதைச் சொல்லமாட்டார்கள். அது அநியாயம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஒரு மெயில் அனுப்ப எத்தனை நிமிடம் ஆகும்? உள்ளே இருந்தபோது நானும் கேட்டிருக்கிறேன். "பூலில் இருக்கிறாய் என்று எழுத்தில் கொடுத்தால் நாளைக்கு அதையே பிடித்துக்கொள்வார்கள்" என்பது பதில்.

இப்போது ஆள் எடுக்க ஒரு காரணமும் இருக்கிறது. விமானிகளுக்கான புது ஓய்வு விதி 2025-ல் ஜூலை, நவம்பர் என்று இரண்டு கட்டமாக வந்தது. வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆனது. அதே அட்டவணையை ஓட்ட முன்பைவிட அதிகம் பேர் வேண்டும். பெரிய கம்பெனிகள் ஆள் இழுக்கும், சின்னவற்றில் இடம் காலியாகும். ஆனால் இந்த அலை மெதுவாகத்தான் கீழே வரும்.

ஏழு வாரத்தில் ஐஆர் முடிகிறது என்றாயே, அதை விடாதே. அதுதான் இந்த இழையில் முக்கியமான வரி. பேனாவை மற.

---

கமலாபுரம்_காத்து | செவ்வாய், இரவு 9:05

கேப்டன், மிக்க நன்றி. மூன்று தடவை படித்தேன். அப்பாவுக்கும் படித்துக் காட்டினேன். அவர் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார், பட்டறை இடத்தை அடமானம் வைத்துத்தான் என்னைப் படிக்கவைத்தார். எல்லாம் கேட்டுவிட்டு, "அந்த சார் நல்லவர்போல் தெரிகிறது, அவர் கம்பெனியில் கேளேன்" என்றார்.

உங்கள் பெயரும் என் நிலைமையும் ஒன்று. எஞ்ஜின் ஓடுகிறது, காற்றாடி நிற்கிறது.

எங்கள் வீடு ஓமலூர்ப் பக்கம். 2018 மார்ச்சில் உடான் திட்டத்தில் சேலத்துக்கு ஏடிஆர் வந்தபோது பள்ளிக்கூடத்துப் பையன். கமலாபுரம் விமான நிலைய வேலியோரம் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்ப்பேன். எல்லோரும் பின் கதவு வழியாக ஏறுவது வேடிக்கையாக இருக்கும். முன்னால் இருப்பது சரக்குக் கதவு என்று அப்போது தெரியாது. 2021-ல் அந்த சேவை நின்றது, 2023 அக்டோபரில் மறுபடி விமானம் வந்தது. இப்போது வீட்டு மொட்டைமாடியில் சத்தம் கேட்டாலே அம்மா என் முகத்தைப் பார்க்கிறார், பாவம்.

---

சிபிஎல்2019 | புதன், காலை 8:30

என் கதையையும் சொல்கிறேன், பயமுறுத்த இல்லை. 2019-ல் சிபிஎல். 2020 பிப்ரவரியில் ஆஃபர் கடிதமே கையில் வந்துவிட்டது, ஏப்ரலில் சேரவேண்டும். மார்ச் கடைசியில் நாடே மூடிக்கொண்டது. கம்பெனி (பெயர் வேண்டாம்) ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்டால் ரத்து செய்துவிடுவார்களோ என்று பயம். இரண்டு வருடம் டிஜிசிஏ தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு மெட்டீரியாலஜியும் நேவிகேஷனும் சொல்லிக்கொடுத்தேன். 2022-ல் வேறு கம்பெனியில் கிடைத்தது. பேனலில் பாதிக் கேள்வி மெட்டீரியாலஜி. இரண்டு வருடம் அதையே கத்திக்கத்திச் சொல்லிக்கொடுத்தவனிடம் கேட்டால் எப்படி இருக்கும்? அவர்களே "போதும்" என்றார்கள்.

ஆனால் ஒரு தப்பு செய்தேன். காசை மிச்சப்படுத்த ஐஆரைப் புதுப்பிக்காமல் விட்டேன். 2021-ல் ஒரு இடத்திலிருந்து கூப்பிட்டார்கள், "கரண்ட் ஐஆர் இருக்கிறதா?" என்பதே முதல் கேள்வி. இல்லை என்றதும் போனை வைத்துவிட்டார்கள்.

---

டல்லாஸ்வாசி | புதன், காலை 9:15

இங்கே அமெரிக்காவிலும் இதே புலம்பல்தான், ஆனால் கணக்கு வேறு. 2009-ல் பஃபலோ அருகே ஒரு பிராந்திய விமானம் விழுந்த பிறகு சட்டம் மாறியது. 2013-லிருந்து கோ-பைலட்டுக்கும் பொதுவாக 1500 மணி நேரம் வேண்டும். 200-ல் சேர முடியாது. அதனால் இடையில் பயிற்சியாளர் வேலை பார்த்துத்தான் மணி நேரம் சேர்ப்போம். 2022-ல் இண்டர்வியூ அன்றைக்கே கையில் ஆஃபர் கொடுத்தார்கள். 2024-ல் அதே ஆஃபரை வைத்துக்கொண்டு வகுப்புத் தேதி வராமல் மாதக்கணக்கில் உட்கார்ந்தவர்கள் உண்டு, நானும் ஒருத்தன். கையில் கடிதம் இருந்தாலும் தூக்கம் வராது தம்பி.

---

பாவூர்சத்திரம்_அப்பா | புதன், மாலை 7:40

நான் பைலட் இல்லை, பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். என் மகள் சிபிஎல் முடித்து எட்டு மாதம். அவளும் இதுபோல ஒரு இடத்தில் எழுதிவிட்டுக் காத்திருக்கிறாள். நேற்று ஒருவர் போன் செய்தார். இங்கிலீஷில் நன்றாகப் பேசினார். மகள் பெயர், லைசென்ஸ் விவரம், எந்த ஊரில் படித்தாள் எல்லாம் சரியாகச் சொன்னார். "ஷார்ட்லிஸ்டில் இருக்கிறாள், மூன்று லட்சம் டெபாசிட் கட்டினால் இந்த பேட்சிலேயே உறுதி, சேர்ந்ததும் திருப்பித் தருவோம்" என்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் கட்டச் சொல்கிறார். நிஜமாக இருக்குமா? மகளிடம் இன்னும் சொல்லவில்லை.

---

ஓடுதளம்25 | புதன், மாலை 7:44

ஐயா, கட்டாதீர்கள். ஒரு பைசா கூடக் கட்டாதீர்கள்.

---

உப்பளம் | புதன், மாலை 7:52

அப்பா, கட்டவே கட்டாதீங்க. விவரமெல்லாம் நாமே வேலை தேடும் தளங்களில் போட்டு வைத்திருக்கிறோம், அங்கிருந்து எடுப்பார்கள். டைப் ரேட்டிங்குக்குப் பணம் வாங்கும் கம்பெனிகள் உண்டு, பாண்டு எழுதி வாங்குபவையும் உண்டு. ஆனால் அதெல்லாம் தேர்வான பிறகு, கம்பெனி முகவரியிலிருந்து கடிதம் வந்து, ஒப்பந்தம் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகு. போனில் வெள்ளிக்கிழமைக் கெடு வைக்க மாட்டார்கள். மகளிடம் இன்றைக்கே சொல்லுங்கள். அவளுக்கும் தனியாக போன் வந்திருக்கலாம், அவள் உங்களிடம் சொல்லாமல் இருக்கலாம்.

---

பாவூர்சத்திரம்_அப்பா | புதன், இரவு 9:30

கேட்டேன். அவளுக்குப் போன வாரமே வந்திருக்கிறது. அப்பா கடன் வாங்கிவிடுவாரோ என்று சொல்லாமல் இருந்திருக்கிறாள். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம். உங்களுக்கெல்லாம் நன்றி அம்மா.

---

கமலாபுரம்_காத்து | வியாழன், பின்னிரவு 1:15

நானும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். போன ஞாயிறு ராத்திரி ஒரு மணிக்கு அந்த நடு கேப்டனை லிங்க்ட்இன்னில் தேடிக் கண்டுபிடித்து மெசேஜ் அனுப்பிவிட்டேன். "சார், நான் தைபே விபத்தில் தவறாகச் சொன்ன பையன், நினைவிருக்கிறதா" என்று. பார்த்துவிட்டார். பதில் இல்லை.

---

ஓடுதளம்25 | வியாழன், காலை 7:00

அவர் மறந்திருந்தாலும் நீயே ஞாபகப்படுத்திவிட்டாய். வாழ்க.

---

ஹோட்டல்மோட் | வியாழன், காலை 10:20

குடி முழுகிவிடாது. எனக்கும் இப்படி வரும், படித்துச் சிரித்துவிட்டு விட்டுவிடுவோம். தேர்வில் இருக்கும் ஆளுக்குத் தனியாகப் பதில் எழுதக்கூடாது, அதனால்தான் மௌனம். இன்னொன்று அனுப்பிவிடாதே, அவ்வளவுதான்.

எச்.ஆருக்கு ஒரு மெயில் எழுது. நாலு வரி: பெயர், இண்டர்வியூ தேதி, எந்தப் பதவி, எப்போது வேண்டுமானாலும் சேரத் தயார். "ஆவலோடு காத்திருக்கிறேன்", "சிறுவயது முதல் கனவு" எதுவும் வேண்டாம். இப்போது ஒன்று, ஐஆர் புதுப்பித்ததும் புதுத் தேதியோடு இன்னொன்று. இரண்டாவதில் சொல்ல ஒரு விஷயம் இருக்கும், அதை ஃபைலில் சேர்ப்பார்கள்.

---

கமலாபுரம்_காத்து | வியாழன், பகல் 12:10

சரி கேப்டன், இன்றே எழுதுகிறேன். இன்னொரு கேள்வி. மாமா ஒருவர், "எதற்குக் காத்திருக்கிறாய், இன்னும் இருபது லட்சம் புரட்டித் தருகிறேன், ஏர்பஸ் டைப் ரேட்டிங் போட்டுக்கொள், பெரிய கம்பெனியில் கிடைக்கும்" என்கிறார். போடலாமா?

---

சிபிஎல்2019 | வியாழன், பகல் 2:30

என் பேட்சில் மூன்று பேர் அப்படிப் போட்டார்கள். ஒருத்தனுக்கு நாலு மாதத்தில் வேலை. இன்னொருத்தன் ரேட்டிங்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றரை வருடம் உட்கார்ந்தான், பறக்காமல் வைத்திருந்தால் அதையும் சிமுலேட்டரில் காசு கொடுத்துப் புதுப்பிக்கவேண்டும். மூன்றாமவனுக்குக் கிடைத்தது ஏடிஆர். ஏர்பஸ் ரேட்டிங் பீரோவில் இருக்கிறது. மாமாவின் பணத்தில் ஐஆரை மட்டும் புதுப்பி, மீதியை அவரிடமே விட்டுவை.

---

உப்பளம் | வியாழன், இரவு 10:45

அதேதான் நானும் சொல்ல வந்தேன். இன்று நாலு செக்டர் (நாலு முறை ஏறி இறங்கினோம்), கை வலிக்கிறது, தூங்கப்போகிறேன்.

---

கமலாபுரம்_காத்து | வெள்ளி (37-வது நாள்), பகல் 2:05

மெயில் வந்துவிட்டது!! ஆனால் தேர்வா இல்லையா என்று ஒன்றும் இல்லை. "கடைசி ஆறு மாத லாக்புக் பக்கங்கள், மெடிக்கல், ஐஆர் நகல், சேரக்கூடிய தேதி ஆகியவற்றை இன்று மாலை 5 மணிக்குள் அனுப்பவும்." ஐஆர் செக் போன புதன்தான் முடித்தேன், புதுத் தேதியோடு இரண்டாவது மெயிலும் எழுதியிருந்தேன். இதற்கு என்ன அர்த்தம்?

---

ஓடுதளம்25 | வெள்ளி, பகல் 2:09

என்னிடமும் கேட்டார்கள். 97-வது நாள். முடிவு தெரியும்தானே.

---

உப்பளம் | வெள்ளி, பகல் 2:15

என்னிடமும் கேட்டார்கள், இரண்டு தடவை. முடிவு தெரியும்தானே. அர்த்தம் அப்புறம் பார்க்கலாம், முதலில் ஸ்கேன் செய்.

---

ஹோட்டல்மோட் | வெள்ளி, பகல் 2:40

அனுப்புமுன் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் இருக்கும் கூட்டல் வரியைச் சரிபார். விண்ணப்பத்தில் எழுதிய மணி நேரமும் லாக்புக்கும் ஒத்துப்போக வேண்டும்.

---

கமலாபுரம்_காத்து | வெள்ளி, பகல் 3:30

கேப்டன், பத்து நிமிடம் வித்தியாசம். ஒரு பக்கத்தில் 1:25 என்பதை 1:35 என்று கூட்டியிருக்கிறேன், அதிலிருந்து கடைசி வரை எல்லாம் பத்து நிமிடம் அதிகம். விண்ணப்பத்திலும் அதே தப்பு எண்தான். அப்படியே அனுப்பினால் இரண்டும் ஒத்துப்போகும். என்ன செய்வது?

---

ஹோட்டல்மோட் | வெள்ளி, பகல் 3:34

ஒயிட்னர் தொடாதே. தப்பான எண் மேல் ஒற்றைக் கோடு, பக்கத்தில் சரியான எண், கையெழுத்து, தேதி. விண்ணப்பத்தில் பத்து நிமிடம் கூடுதலாக இருந்ததையும் திருத்தியதையும் மெயிலில் ஒரு வரியில் சொல். ஓடு.

---

கமலாபுரம்_காத்து | வெள்ளி, மாலை 4:52

அனுப்பிவிட்டேன். பதினோரு கோடு, பதினோரு கையெழுத்து. கரண்ட் போய்விட்டதால் கடைசி நாலு பக்கம் ஓமலூர் பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்தேன்.

---

பாவூர்சத்திரம்_அப்பா | வெள்ளி, மாலை 4:55

தம்பி, அனுப்பிய பெட்டியைத் திறந்து ஒருமுறை பாருங்கள். என் மகள் போன தடவை ஃபைலை இணைக்காமலே அனுப்பிவிட்டாள்.

---

கமலாபுரம்_காத்து | வெள்ளி, மாலை 4:57

பார்த்தேன் ஐயா. இருக்கிறது.